‘புட்’டா, ‘செட்’டா? மூன்று கட்டக் குழப்பம்

கேள்வி: ஆங்கில நாளிதழில் வரும் எளிய குறுக்கெழுத்துப் புதிரை அன்றாடம் நிரப்புகிறேன். ‘பிளேஸ்டு’ என்று குறிப்பு, மூன்று கட்டம். ‘புட்’ என்று எழுதினேன். மறுநாள் பார்த்தால் விடை ‘செட்’. அதே ‘செட்’ நாளுக்கொரு குறிப்போடு வருகிறது. அதன் பொருள்களை எல்லாம் மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டுமா?
— வாசகி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: வேண்டவே வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீண்ட பதிவே இந்தச் சொல்லுக்குத்தான். அதை உருப்போட உட்கார்ந்தால் புதிரின் மீதே வெறுப்பு வந்துவிடும். புதிர்களில் அடிக்கடி தலைகாட்டும் பொருள்கள் கொஞ்சம்தான். அவற்றில் பாதி உங்கள் ஊர்ப் பேச்சிலேயே புழங்குகிறது. கான்கிரீட் இன்னும் செட் ஆகவில்லை என்கிறார் கொத்தனார். ‘ஹார்டன்’ என்ற குறிப்பு கேட்பது அதைத்தான். ஓணத்துக்கு எடுக்கும் செட் முண்டு இரண்டு துணி சேர்ந்தது. ‘குரூப்’, ‘கலெக்‌ஷன்’ என்று வருவது அந்தப் பொருள். சினிமா செட், டென்னிஸ் செட் பற்றிச் சொல்லவே தேவையில்லை. சூரியன் மறைவது, நாள் குறிப்பது, சாப்பாட்டு மேசையில் தட்டுகளை எடுத்து வைப்பது, இவற்றுக்கு நாம் ‘செட்’ என்று சொல்வதில்லை. அதனால்தான் சட்டென்று தோன்றுவதில்லை. இவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பொருளைவிட முக்கியம் காலம். குறிப்பு இறந்தகாலத்தில் இருந்தால் விடையும் இறந்தகாலத்தில் இருக்க வேண்டும். நல்ல புதிரில் இது மாறாது. ‘செட்’, ‘புட்’ இரண்டும் இறந்தகாலத்திலும் உருவம் மாறாதவை. ஆகவே ‘பிளேஸ்’ என்றாலும் பொருந்தும், ‘பிளேஸ்டு’ என்றாலும் பொருந்தும். ‘லே’ அப்படியல்ல. ‘பிளேஸ்டு’ என்ற பொருளில் அது ‘லெய்டு’ என்று நான்கு எழுத்தாகிவிடும். மூன்று கட்டத்தில் அதை நினைக்கவே வேண்டாம்.

மிஞ்சுவது ‘புட்’டும் ‘செட்’டும். இங்கே கடைசிக் கட்டத்தை நம்பி ஏமாறுகிறவர்கள் ஏராளம். இரண்டுமே டி எழுத்தில் முடிவதால் அந்தக் கட்டம் நிரம்பியும் பயனில்லை. நடுவில் இ வந்தால்தான் ‘செட்’ உறுதி. ‘உறைதல்’ என்ற பொருளில் குறிப்பு வந்தால் நிலைமை தலைகீழ். அங்கே போட்டிக்கு நிற்பது ‘ஜெல்’. அதற்கும் நடு எழுத்து இ என்பதால், கடைசி எழுத்து ‘எல்’லா, ‘டி’யா என்று பார்க்க வேண்டும்.

முதல் எழுத்து கிடைத்தால் எந்தச் சிக்கலும் இல்லை; எஸ், பி, ஜி மூன்றும் வேறு வேறு. எனவே அந்த முதல் கட்டம் வழியாக மேலிருந்து கீழாக ஒரு சொல் போகிறதென்றால், முதலில் அதைக் கண்டுபிடியுங்கள். போகவில்லையென்றால் பென்சிலால் லேசாக எழுதி வைத்துவிட்டு, நடுக் கட்டத்தை (‘உறைதல்’ குறிப்பென்றால் கடைசிக் கட்டத்தை) வெட்டும் சொல் கிடைத்த பிறகு பேனாவை எடுங்கள்.