அந்த 'டமாஸ்கஸ்' கத்தியை ஆர்டர் போடும் முன்

வணக்கம் நண்பரே. வெளிநாட்டுத் தளத்தில் 8 அங்குல டமாஸ்கஸ் சமையல் கத்தி 1,800 ரூபாய்க்குக் கிடைக்கிறது, சுங்கத்தில் பிடிப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குச் சுங்கத்தைவிட விலைதான் உறுத்துகிறது.

டமாஸ்கஸ் கத்தியின் அடையாளம் அதன் மேல் தெரியும் அலை போன்ற கோலம். பல அடுக்கு எஃகை ஒன்றாக இணைத்து அடிப்பதால் வருவது அது. மலிவுக் கத்திகளில் அதை லேசரால் மேலே பொறித்துவிடுகிறார்கள். விற்பவரிடம் கத்தியின் முதுகுப் பக்கத்தைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உண்மையான அடுக்கு என்றால் அங்கேயும் கோடுகள் மங்கலாகவாவது தெரியும். எஃகின் ரகத்தையும் கேளுங்கள். வெறுமனே 'ஹை கார்பன்' என்று பதில் வந்தால் விட்டுவிடுங்கள், அதை வைத்து எதுவும் தெரியாது.

சரி, சட்டம். 2016 ஆயுத விதிகளின்படி அலகு (கைப்பிடி நீங்கலான வெட்டும் பகுதி) 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதக் கணக்கில் வரும். வீட்டு உபயோகத்துக்கானவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் பார்சலில் 'வேட்டைக் கத்தி' என்று எழுதி அனுப்பினால் விளக்கம் சொல்லி அலைவது நீங்கள்தான். 'சமையலறைக் கத்தி' என்றே பில்லில் போடச் சொல்லுங்கள்.

அப்புறம், பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். முனை அட்டையைக் குத்திக்கொண்டு நிற்கலாம், கையை உள்ளே விடாதீர்கள். இந்திய விற்பனையாளர் என்றால் தகராறு வந்தாலும் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். வெளிநாட்டுக் கடையிடம் பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. நானாக இருந்தால் இங்கேயே வாங்குவேன்.