ஆல்பட்ராஸும் தூண்டில் கொக்கியும்

கேள்வி: சூரை மீனுக்காக நடுக்கடலில் போடும் நீளத் தூண்டில்களில் ஆல்பட்ராஸ் பறவைகள் மாட்டிச் சாவதாகப் படித்தேன். மீன்பிடிப்பை நிறுத்தாமல் இதைக் குறைக்க வழியில்லையா?
– வாசகர், பென்னாகரம்

பதில்: வழி உண்டு, அதில் ஒன்று உங்கள் ஊர்க் கொல்லைகளில் நீங்கள் பார்த்ததுதான். சோளம் கதிர் பிடிக்கும் நாளில், குருவிகளை விரட்டக் கம்புக்குக் கம்பு பழைய கேசட் நாடாவை இழுத்துக் கட்டுவார்கள் அல்லவா? ஏறக்குறைய அதே உத்தியை ஜப்பானியச் சூரைக் கப்பல்காரர்கள் கடலில் கையாண்டார்கள். கப்பலின் பின்புறம் உயரமான கம்பத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, வண்ண நாடாக்கள் தொங்க, அலைமேல் இழுபட விடுவார்கள். 'டோரி கயிறு' என்பது அதன் பெயர். ஜப்பானிய மொழியில் டோரி என்றால் பறவை.

இத்தூண்டிலின் தாய்க்கயிறு நூறு கிலோமீட்டர் வரைகூட நீளும். அதில் ஆயிரக்கணக்கான கொக்கிகள் தொங்கும். கணவாயோ சிறுமீனோ குத்திய கொக்கி, வீசப்பட்ட பின் ஆழத்துக்குப் போவதற்குள் சிறிது நேரம் மேல்மட்டத்தில் கிடக்கிறது. பறவை பாய்ந்து இரையைக் கவ்வுவதும், கொக்கி அலகிலோ தொண்டையிலோ ஏறுவதும், மூழ்கும் கயிறு பறவையையும் நீருக்குள் இழுத்துச் செல்வதும் அந்த இடைவெளியில்தான். 2011-இல் வெளியான ஒரு மதிப்பீடு, இவ்வாறு ஆண்டுக்குக் குறைந்தது 1,60,000 கடற்பறவைகள் சாவதாகக் கூறியது. பெரிய ஆல்பட்ராஸ் இனங்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு முட்டை இடுபவை என்பதால், இந்த இழப்பு எளிதில் ஈடாவதில்லை.

கொக்கிக்கு அருகே ஈயக்குண்டு கட்டினால் இரை விரைந்து மூழ்கும். ஆல்பட்ராஸ்கள் பெரும்பாலும் பகலில் இரை தேடுவதால், இரவில் தூண்டில் விடுவதும் பலன் தரும். நமீபியாவில் டோரி கயிற்றை 2015-இல் கட்டாயமாக்கிய பின், கடலடியில் தூண்டில் விடும் படகுகளில் பறவைச் சாவு சுமார் 98 விழுக்காடு குறைந்தது. பறவை கவ்விய இரையில் மீன் சிக்காது என்பதால், இதில் மீனவருக்கும் லாபமே.

கேள்வி: இரவில் விட்டாலே போதுமே, மற்றவை எதற்கு?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் பறவைகளுக்குக் கண் நன்றாகத் தெரியும். வெண்தாடைப் பெட்ரல் என்னும் பறவையோ இரவிலும் இரை தேடும். பத்து மீட்டருக்கு மேல் முக்குளித்து, மூழ்கிய இரையையும் மேலே கொண்டுவந்துவிடும், அதைப் பறிக்கப்போய்த்தான் பல ஆல்பட்ராஸ்கள் மாட்டிக்கொள்கின்றன. பக்கக்காற்று அடித்தால் டோரி கயிறும் ஒதுங்கி, இரை காவலின்றிக் கிடக்கும். ஆகவேதான், சூரைக் கப்பல்கள் மூன்றையும் ஒருசேரக் கையாள வேண்டுமென வல்லுநர்கள் வலியுறுத்துகிறார்கள்.