கட்டுப் போட்டவர் பதிவு பெறாதவர் என்றால் இழப்பீடு போய்விடுமா?

கேள்வி: என் கணவருக்கு 35 வயது. ஓசூரில் அபார்ட்மென்ட் கட்டும் இடத்தில் சென்ட்ரிங் வேலை பார்த்தார். 2024 ஆகஸ்ட்டில் இரண்டாவது மாடியில் சாரம் சரிந்து விழுந்ததில் வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன. மேஸ்திரிதான் ஆட்டோ வைத்து, புத்தூர் கட்டுப் போடும் ஒரு வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனார். கான்ட்ராக்டர் 5,000 ரூபாய் கொடுத்ததோடு சரி. ஒன்றரை மாதம் ஆகியும் காலை ஊன்ற முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்தபோது எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்தது. அப்புறம் ஒரு எலும்பு டாக்டரிடம் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தோம். அவர் பெங்களூர்க்காரர், வாரத்தில் சில நாள் ஓசூரில் பார்க்கிறார். 40 சதவீதம் ஊனம் என்று சர்டிபிகேட் கொடுத்தார். இழப்பீட்டு ஆணையரிடம் கேஸ் போட்டிருக்கிறோம். இன்சூரன்ஸ் கம்பெனி தன் கவுன்ட்டரில் (பதில் மனுவில்), கட்டுப் போட்டவர் பதிவு பெறாதவர், கால் கோணலானதற்கு அவர்தான் காரணம் என்கிறார்கள். சர்டிபிகேட் கொடுத்த டாக்டர் தமிழ்நாட்டில் பதிவு செய்யாதவர், கான்ட்ராக்டருக்கும் லைசென்ஸ் இல்லை, அதனால் பணம் தர வேண்டியதில்லை என்கிறார்கள். எங்களுக்குப் பணம் கிடைக்குமா சார்?

பதில்: கிடைக்க வேண்டிய வழக்கு இது, அம்மா. கவுன்ட்டரில் சொல்லியிருக்கும் மூன்று குறையும் வேறு யாரோ மூன்று பேருடைய குறை. உங்கள் கணவர் சாரத்திலிருந்து விழுந்தார், கால் உடைந்தது, அது வேலை நேரத்தில் வேலையிடத்தில் நடந்தது. இதை அவர்கள் மறுக்கவே இல்லை. ஆனாலும் அந்த மூன்றில் ஒன்றை அலட்சியமாக விட்டால் தொகை பாதியாகக் குறையலாம். அதனால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது, பழைய சட்டம் செல்லாது என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். இழப்பீடு கொடுக்கும் பொறுப்பு விபத்து நடந்த நாளிலேயே பிறந்துவிடுகிறது என்று பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அரை நூற்றாண்டுக்கு முன்பே சொல்லிவிட்டது. உங்கள் விபத்து 2024-இல் நடந்தது. அதற்குப் பொருந்துவது 1923-ஆம் ஆண்டு பணியாளர் இழப்பீட்டுச் சட்டம்தான்.

இப்போது புத்தூர் கட்டு விஷயம். பச்சிலை அரைத்துப் பூசி, முட்டை வெள்ளை தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டும் அந்த வைத்தியத்துக்கு நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக நம்பிக்கை உண்டு. கட்டட வேலையில் கை கால் முறிந்தால் மேஸ்திரிக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். செலவு குறைவு, போலீஸ் கேஸ் ஆகாது. கான்ட்ராக்டர்களுக்கு இந்த இரண்டாவது காரணம்தான் ரொம்பப் பிடிக்கும். அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தால் விபத்துப் பதிவேட்டில் ஏறியிருக்கும், காவல் நிலையத்துக்குத் தகவல் போயிருக்கும். உங்கள் கணவரை அங்கே கொண்டு போகாததற்கு அவர் பொறுப்பல்ல. அடிபட்டுக் கிடந்தவர் ஆட்டோ எங்கே போனதோ அங்கே போனார்.

பதிவு பெறாதவரிடம் போனால் இழப்பீடு குறையுமா என்பதற்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. பிரிவு 11(6)-ஐ உங்கள் வக்கீலிடம் எடுத்துக் காட்டுங்கள். தகுதி பெற்ற மருத்துவரை வைத்து இலவசமாகப் பார்க்க முதலாளி முன்வந்திருக்க வேண்டும். தொழிலாளி அதை மறுத்திருக்க வேண்டும், அல்லது ஏற்றுக்கொண்டு வேண்டுமென்றே மருத்துவர் சொன்னதைக் கேட்காமல் இருந்திருக்க வேண்டும். அதன் பிறகும் அவர் தகுதி பெற்ற மருத்துவரிடம் முறையாகப் பார்க்காமல் விட்டிருக்க வேண்டும். அது நியாயமில்லாத பிடிவாதமாக இருக்க வேண்டும். அதனால் காயம் மோசமாகியிருக்க வேண்டும். இவையெல்லாம் நிரூபணமானால்தான், சரியான சிகிச்சை கிடைத்திருந்தால் எவ்வளவு ஊனம் இருந்திருக்குமோ அந்த அளவுக்கு மட்டும் இழப்பீடு கணக்கிடப்படும். நிரூபிக்க வேண்டியது எதிர்த்தரப்பு, நீங்கள் அல்ல.

உங்கள் வழக்கில் முதல் படியே இல்லை. கான்ட்ராக்டர் எந்த டாக்டரையும் ஏற்பாடு செய்யவில்லை. 5,000 ரூபாய் கொடுத்தது மருத்துவ ஏற்பாடு ஆகாது. வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனதே அவருடைய மேஸ்திரி. உங்கள் கணவர் சாட்சி சொல்லும்போது இதை வரிசையாகச் சொல்ல வேண்டும்: யார் தூக்கினார்கள், ஆட்டோவுக்கு யார் பணம் கொடுத்தார்கள், வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று யாராவது சொன்னார்களா. கூட வேலை பார்த்த ஒருவர் வந்து அதையே சொன்னால் இன்னும் பலம். முடிந்தால் மேஸ்திரியையே சாட்சியாக அழைக்கலாம். அவர் இன்னும் அதே கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்தால் மட்டும் யோசித்துச் செய்யுங்கள்.

கட்டுப் போட்ட வைத்தியர் உங்களுக்கு உதவ மாட்டாரா என்றால், உதவுவார். அவர் ஊனச் சான்று தர முடியாது. தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019, பிரிவு 34-இன்படி, பதிவேட்டில் பெயர் இல்லாதவர் மருத்துவச் சான்றில் கையெழுத்திடவோ நிபுணர் சாட்சியாகவோ வர முடியாது. ஆனால் இன்ன தேதியில் இன்னார் கால் உடைந்து வந்தார், கட்டுப் போட்டேன் என்று கண்டதைச் சொல்ல எந்தப் பதிவும் தேவையில்லை. விபத்து நடந்த நாளுக்கும் எக்ஸ்ரே எடுத்த நாளுக்கும் இடையில் இருக்கும் ஒன்றரை மாத இடைவெளியை அந்தச் சாட்சியம் நிரப்பும். அவர் தந்த சீட்டு, ரசீது எதுவானாலும் பத்திரமாக வையுங்கள்.

அடுத்தது டாக்டரின் பதிவு. கம்பெனி தரப்பு இதைத்தான் பெரிதாகப் பேசும், ஏனென்றால் முழு வழக்கும் இந்தச் சான்றின் மேல் நிற்கிறது. இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலில் இல்லாத காயங்களுக்கு, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதைத் தகுதி பெற்ற மருத்துவர் மதிப்பிட வேண்டும் என்று பிரிவு 4(1)(சி)(ii) சொல்கிறது. தகுதி பெற்ற மருத்துவர் யார் என்பது பிரிவு 2(1)(ஐ)-யில் இருக்கிறது. மருத்துவர் பதிவேடு பராமரிக்க வகைசெய்யும் ஏதாவது ஒரு மத்தியச் சட்டத்தின்படியோ ஒரு மாநிலச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின்படியோ பதிவு பெற்றவர் என்பதுதான் அங்கே உள்ள வரையறை. விபத்து நடந்த மாநிலத்தில்தான் பதிவு இருக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை கிடையாது. கர்நாடக மருத்துவக் கவுன்சிலில் பெயர் இருந்தால் இந்தச் சட்டத்துக்கு அவர் தகுதி பெற்றவர்தான். 2019 சட்டத்தின் பிரிவு 34-உம் மாநிலப் பதிவேடு அல்லது தேசியப் பதிவேடு என்றே சொல்கிறது. தமிழ்நாட்டில் தொடர்ந்து பிராக்டிஸ் செய்ய இங்குள்ள கவுன்சிலில் அவர் என்ன செய்திருக்க வேண்டும் என்பது அவருக்கும் கவுன்சிலுக்கும் உள்ள விஷயம். அவர் பதிவு பெற்ற மருத்துவர் என்ற உண்மையை அது அழித்துவிடாது.

ஆனால் நீங்கள் அனுப்பிய சான்றின் நகலைப் பார்த்தேன். கவலை அங்கேதான் வருகிறது. டாக்டரின் முத்திரையில் மை கலைந்திருக்கிறது. பதிவு எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் தெரியவில்லை, எந்தக் கவுன்சில் என்றும் இல்லை. "வலது கால் 40%" என்று ஒரு வரி, அவ்வளவுதான். மருத்துவர்கள் தரும் சீட்டிலும் சான்றிலும் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே உண்டு. இந்தக் கலைந்த மையைப் பார்த்துத்தான் கம்பெனி வக்கீல் அந்த எதிர்ப்பை எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் டாக்டர் பெயரைப் போட்டுத் தேடினால் எண்ணும் கவுன்சிலும் வரும். அந்தப் பக்கத்தை அச்செடுங்கள். டாக்டரிடம் அவருடைய பதிவுச் சான்றின் நகலும் வாங்கி, அவர் சாட்சி சொல்லும் நாளில் இரண்டையும் சான்றாவணமாகக் குறியிடச் சொல்லுங்கள்.

அவர் நேரில் வந்தே ஆக வேண்டும். சர்டிபிகேட்டை மட்டும் தாக்கல் செய்துவிட்டு உட்கார்ந்திருந்தால் அதற்கு மதிப்பு இருக்காது. சிகிச்சையே அளிக்காமல் கேட்டவருக்கெல்லாம் ஊனச் சான்று தருபவர்களைப் பற்றி, ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் கடுமையாக எச்சரித்தது. அது வாகன விபத்து வழக்கு என்றாலும் இழப்பீட்டு ஆணையர்கள் அதை மனத்தில் வைத்துத்தான் சான்றைப் பார்க்கிறார்கள். உங்கள் டாக்டர் ஆபரேஷன் செய்தவர், அது உங்களுக்குப் பெரிய பலம். வர முடியாது என்றால் சம்மன் கேட்டு மனுப் போடுங்கள். சாட்சிகளை வரவழைக்க ஆணையருக்கு சிவில் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. கேஸ் ஷீட்டையும் (சிகிச்சைப் பதிவு) எழுத்து மூலமாகக் கேளுங்கள், கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் அதே 2002 விதிகளில்தான் இருக்கிறது. உள்நோயாளி ஆவணங்களை அவர்கள் வைத்திருக்க வேண்டிய கட்டாயக் காலம் 3 ஆண்டுதான். தள்ளிப்போடாதீர்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வியை இந்தச் சான்று தொடவே இல்லை. காலில் எத்தனை சதவீதம் ஊனம் என்பது வேறு, சென்ட்ரிங் வேலை செய்யும் ஒருவரின் சம்பாத்தியத்தில் எவ்வளவு போயிற்று என்பது வேறு. குந்தி உட்கார முடியுமா, ஏணியில் ஏற முடியுமா, பலகையும் ஜாக்கியும் தூக்கிக்கொண்டு சாரத்தில் நிற்க முடியுமா என்று அவர் சொல்ல வேண்டும். நான் மேலே சொன்ன பிரதாப் நாராயண் வழக்கில், இடது கையை முழங்கைக்கு மேல் இழந்தவர் ஒரு தச்சர். ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்று முழு ஊனமாகவே எடுத்துக்கொண்டார்கள். உங்கள் கணவருக்கு 100 சதவீதம் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை, கால் இருக்கிறது, ஊன்றி நடக்கிறார். ஆனால் 40-ஓடு நிற்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

தொகையை நீங்களே போட்டுப் பாருங்கள். மாதச் சம்பளம் அதிகமாக இருந்தாலும் சட்டம் எடுத்துக்கொள்ளும் உச்சவரம்பு 15,000 ரூபாய். அதில் 60 சதவீதம் 9,000. 35 வயதுக்குச் சட்டத்தின் அட்டவணை தரும் பெருக்கல் காரணி 197.06. பெருக்கினால் 17,73,540 ரூபாய், இது முழு ஊனத்துக்கு. 40 சதவீதம் என்றால் 7,09,416. விபத்து நடந்து ஒரு மாதத்துக்குப் பிறகு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி உண்டு, அதாவது இந்தத் தொகைக்கு ஆண்டுக்குச் சுமார் 85,000 ரூபாய். டாக்டர் சாட்சிக் கூண்டில் பேசும் பத்து நிமிடம் இத்தனை லட்சத்தைத் தீர்மானிக்கிறது என்பதால்தான் அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பதிவு பற்றிய சண்டை நீளும் போலத் தெரிந்தால் இன்னொரு வழி உண்டு. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மருத்துவக் குழுவுக்கு உங்கள் கணவரை அனுப்பும்படி ஆணையரிடம் மனுக் கொடுக்கலாம். அங்கே பதிவு பற்றி யாரும் வாய் திறக்க முடியாது. ஆனால் குழு பெரும்பாலும் காலின் ஊனத்தை மட்டும் எழுதும், சதவீதம் குறையவும் செய்யலாம். ஆகையால் உங்கள் டாக்டரின் சாட்சியம் முடிந்த பிறகும் ஆணையருக்குச் சந்தேகம் இருந்தால் மட்டும் இதைக் கேளுங்கள். வேறு டாக்டரிடம் 60, 70 என்று எழுதி வாங்கித் தருகிறேன் என்று யாராவது புரோக்கர் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அப்படி ஒரு காகிதம் கோப்பில் நுழைந்தால் உண்மையான சான்றின் மேலும் சந்தேகம் விழும்.

மருத்துவச் செலவு தனி. 2010 ஜனவரி 18 முதல் அமலான பிரிவு 4(2ஏ)-இன்படி, வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு உண்மையில் செலவான தொகையை முதலாளி திருப்பித் தர வேண்டும். ஆபரேஷன் பில், மருந்துச் சீட்டு, பிசியோதெரபி ரசீது எல்லாம் அசலாகத் தாக்கல் செய்யுங்கள். பிசியோதெரபிஸ்டின் பதிவைப் பற்றியும் கேள்வி வரலாம். எலும்பு டாக்டர் பயிற்சி எடுக்கச் சொல்லி எழுதிய சீட்டு கூட இருந்தால் போதும்.

கான்ட்ராக்டருக்கு லைசென்ஸ் இல்லை என்பதில் நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பாலிசி நிபந்தனையை அவர் மீறினாரா என்பது அவருக்கும் கம்பெனிக்கும் உள்ள வழக்கு, அதை நிரூபிக்க வேண்டியது கம்பெனி. ஒருவேளை கம்பெனி தப்பித்தாலும் பிரிவு 12-இன்படி, தன் தொழிலுக்காக வேலையைக் கான்ட்ராக்டில் விட்டவரும் பொறுப்பு. சொந்தக் குடியிருப்புக்கு வீடு கட்டுபவர் என்றால் அந்தப் பிரிவு பொருந்துவது கடினம். இங்கே கட்டுவது அபார்ட்மென்ட் கட்டி விற்கும் புரமோட்டர், அதுவே அவர் தொழில். உங்கள் மனுவில் கான்ட்ராக்டரும் கம்பெனியும் மட்டும்தான் எதிர்மனுதாரர்கள். புரமோட்டரைச் சேர்க்க இப்போதே மனுப் போடச் சொல்லுங்கள். கோரிக்கைக்கான காலவரம்பு விபத்திலிருந்து 2 ஆண்டு என்பதால் இதில் ஒரு நாள்கூட வீணாக்க வேண்டாம்.

தீர்ப்பு சாதகமாக வந்தபின் முதலாளி தரப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போவதாக இருந்தால், பிரிவு 30-இன்படி முழுத் தொகையையும் ஆணையரிடம் கட்டி, கட்டியதற்கான சான்றோடு 60 நாளுக்குள் போக வேண்டும். அங்கேயும் முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் எடுப்பார்கள். கொல்லா ராஜண்ணா வழக்கில், மருத்துவர் சாட்சியத்தை வைத்து ஆணையர் முடிவு செய்த சதவீதத்தில் உயர் நீதிமன்றம் கைவைத்ததை 2016-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. டாக்டரின் பதிவுச் சான்று, கேஸ் ஷீட், எக்ஸ்ரே இரண்டு (ஆபரேஷனுக்கு முன் எடுத்தது, பின் எடுத்தது), மேஸ்திரி கூட்டிப்போனதற்கான சாட்சி, இவற்றோடு அடுத்த வாய்தாவுக்கு முன்பே உங்கள் வக்கீலைப் போய்ப் பாருங்கள்.