சூனியம்: நம்பிக்கையும் பழியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சூனியத்தைப் பற்றிய உங்கள் குறிப்பில், அந்த நம்பிக்கை உலகின் பல சமூகங்களில் இருந்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் அது மனித குலத்தின் பொதுவான அறியாமைதானா? அறிவியல் வளர்ந்ததால்தான் ஐரோப்பாவில் சூனியக்காரிகளை எரிப்பது நின்றது என்று படித்திருக்கிறேன். அது சரியா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அறியாமை என்ற சொல் இதற்குப் போதாது என்றே நினைக்கிறேன். 1920களில் தெற்குச் சூடானில் அசாண்டே மக்களிடையே தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் இவான்ஸ் பிரிட்சார்ட் ஒரு நிகழ்வை விளக்குகிறார். நிழலுக்காகத் தானியக் குதிரின் அடியில் சிலர் உட்கார்ந்திருக்கையில் அது சரிந்து விழுகிறது. குதிரின் கால்களைக் கறையான் அரித்திருந்தது அசாண்டேகளுக்கும் தெரியும். இந்த மனிதர் அடியில் இருந்த அந்த நேரத்தில் அது ஏன் விழ வேண்டும் என்பதே அவர்களுடைய கேள்வி. பிள்ளையைப் பறிகொடுத்த எவரும் கேட்கும் கேள்விதான் இது. சூனியம் அதற்கு ஒரு விடை தருகிறது. அந்த விடைக்கு முகமும் பெயரும் தேவைப்படும்போது, பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவர்மீதே பழி விழுகிறது.

அந்தப் பழியை ஒரு சமூகம் எப்படி விசாரித்தது என்பதில்தான் வரலாறு கிளை பிரிகிறது. கி.மு. 18ஆம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்ட மன்னர் ஹமுராபியின் சட்டப்படி, சூனியம் செய்ததாகப் பழிக்கப்பட்டவன் ஆற்றில் இறங்க வேண்டும்; ஆறு அவனைக் கொண்டுபோனால் அவன் வீடு பழித்தவனுக்குச் சேரும், அவன் பிழைத்து வந்தால் பழித்தவனுக்கு மரணம். முறை கொடியதுதான், ஆனால் பழி சொல்பவனும் தன் உயிரைப் பணயம் வைத்தே சொல்ல வேண்டியிருந்தது. ஐரோப்பாவில் பிற்காலத்தில் பரவிய விசாரணை முறை அந்த அச்சத்தை நீக்கிவிட்டு, சித்திரவதையையும் 'உன்னோடு இருந்தவர் யார்?' என்ற கேள்வியையும் கொண்டுவந்தது. 1450க்கும் 1750க்கும் இடையே அங்கே கொல்லப்பட்டவர்கள் ஏறக்குறைய 40,000 முதல் 50,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறது. அவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். ஐஸ்லாந்திலோ ஏறக்குறைய அனைவரும் ஆண்கள்.

1628இல் ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்தில், மேயராக இருந்த யோஹான்னஸ் யூனியுஸ் சூனியப் பழியால் அடைக்கப்பட்டிருந்த சிறையிலிருந்து தன் மகளுக்கு மறைவாக ஒரு கடிதம் எழுதினார். உங்களால் இந்த வேதனையைத் தாங்க முடியாது, எதையாவது இட்டுக்கட்டியேனும் ஒப்புக்கொள்ளுங்கள் என்று சித்திரவதை செய்தவனே அவரிடம் மன்றாடியிருக்கிறான். ஒப்புக்கொண்ட பிறகும் விடவில்லை. பெயர்கள் வேண்டும் என்று அவரைத் தெருத்தெருவாக அழைத்துச் சென்றார்கள். அந்த வரிகளை என்னால் இன்றும் பதறாமல் வாசிக்க முடிவதில்லை. நசுங்கிய விரல்களால் எழுதிய கடிதம் அது. அவரை விசாரித்தவர்களும் சட்டம் கற்றவர்கள்தாம்.

அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஸ்பெயினில் வேறொன்று நடந்திருந்தது. 1610இல் லோக்ரோஞோ நகரில் சூனியப் பழியால் ஆறு பேரை உயிரோடு எரித்த கத்தோலிக்க மத விசாரணை மன்றத்தின் மூன்று விசாரணையாளர்களில் ஒருவர் அலோன்சோ டி சலாசார். மறு ஆண்டு அவர் ஊர் ஊராகச் சென்று 1,802 பேரின் வாக்குமூலங்களைப் பதிவு செய்தார். அவர்களில் 1,384 பேர் குழந்தைகள். சூனியக்காரர்கள் இரவில் கூடியதாகச் சொல்லப்பட்ட இடத்தைத் தனித்தனியே காட்டச் சொன்னார்; சூனியக் களிம்பு என்று கொடுக்கப்பட்டவற்றை விலங்குகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். எதுவும் தேறவில்லை. இதைப் பற்றிப் பேசவும் எழுதவும் தொடங்கும்வரை அங்கே சூனியக்காரரும் இல்லை, சூனியத்துக்கு ஆளானவரும் இல்லை என்று அவர் எழுதினார். 1614இல் தலைமை மன்றம் கடுமையான சான்று விதிகளை வகுத்தது. அதன்பின் அந்த மன்றத்தின் சூனிய வழக்குகளில் மரண தண்டனை ஏறக்குறைய மறைந்தது.

நியூட்டன் அப்போது பிறக்கவே இல்லை. சலாசாரும் சாத்தான் இருப்பதை மறுத்தவர் அல்லர். ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் விடை, அறிவியல் பின்னால் வந்து உதவியது, ஆனால் ஸ்பெயினில் நெருப்பை அணைத்தது சான்று கேட்ட ஒரு விசாரணையாளரின் பிடிவாதம் என்பதே. இன்றும் சில நாடுகளில் முதிய பெண்களும் குழந்தைகளும் இந்தப் பழியால் அடித்து விரட்டப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள். 2021இல் ஐ.நா. மனித உரிமைப் பேரவை இதற்கு எதிராக ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அங்கெல்லாம் நம்பிக்கை மறையும்வரை அந்தப் பெண்கள் காத்திருக்க முடியாது.