போக்கர் ஆடுவதற்கென்றே சொந்தமாக ஒரு சீட்டுக்கட்டு வடிவமைத்து அச்சடிக்க ஆசை. எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

முதலில் மூலையை வரையுங்கள். ராஜா ராணி படங்கள், ஏஸில் போடப்போகும் அலங்காரம் எல்லாம் அப்புறம். சொந்தமாகக் கட்டு அச்சடிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் நடுப்படத்தில்தான் மொத்த உழைப்பையும் கொட்டுகிறார்கள். ஆனால் டெக்சாஸ் ஹோல்டெம் என்ற போக்கர் வகையை ஆடுகிறவர் தன் இரண்டு சீட்டையும் கையில் விரித்துப் பார்ப்பதில்லை. மேசையில் கவிழ்ந்தபடியே விட்டு, உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, ஒரு மூலையை மட்டும் லேசாகத் தூக்கிப் பார்ப்பார். அந்த ஒரு நொடியில் எண்ணும் சின்னமும் கண்ணில் பட்டாக வேண்டும். அவை உள்ளே தள்ளி இருந்தால் சீட்டை இன்னும் வளைக்க வேண்டிவரும். பக்கத்தில் இருப்பவருக்கும் தெரிந்துவிடும், சீட்டிலும் மடிப்பு விழும். மடிப்பு விழுந்த சீட்டும் அடையாளம் போட்ட சீட்டும் ஒன்றுதான். விளிம்போடு ஒட்டி வைத்தாலோ அச்சகத்தில் வெட்டும்போது அறுபடும். 3 முதல் 4 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

நடுவில் விரிக்கும் ஐந்து பொதுச் சீட்டுகளின் கதை வேறு. எதிர்க்கோடியில் இருப்பவர் அவற்றைத் தலைகீழாக, தூரத்திலிருந்து படிக்கிறார். அதனால் எண் பெரிதாகவும் தடிப்பாகவும் இருக்கட்டும். வளைவு நெளிவுள்ள எழுத்துரு வேண்டாம். நான் செய்யும் சோதனை இதுதான்: 63 × 88 மி.மீ. அளவில் சாதாரணத் தாளில் அச்செடுத்து வெட்டி, ஆடப்போகும் அதே விளக்கின் கீழ் பரப்பி, ஆறடி தள்ளி நின்று பார்ப்பேன். கணினித் திரையில் அழகாகத் தெரிந்த பாதி விஷயம் அங்கே காணாமல் போகும். பொன்னிறப் பளபளப்புத் தாள் ஒட்டும் யோசனை இருந்தால் முகப்பக்கத்துக்கு வேண்டவே வேண்டாம். விளக்கு அதில் பட்டால் எண் தெரியாது.

தமிழ் எழுத்தில் கட்டு செய்ய நினைத்தால் ஒரு எச்சரிக்கை: ராஜா, ராணி இரண்டுமே ‘ரா’வில் தொடங்குகின்றன. மூலையில் ஓரெழுத்துக்குத்தான் இடம். ஆங்கிலேயச் சீட்டிலும் இதே சிக்கல் இருந்தது. கிங் (King), நேவ் (Knave) இரண்டுக்கும் ஆங்கிலத்தில் முதல் எழுத்து ஒன்றே. மூலையில் எழுத்து போடும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் பரவியபோது நேவ் என்ற பெயர் விலகி ஜாக் நிலைத்தது. ஏ, கே, கியூ, ஜே என்ற பழகிய ஆங்கில எழுத்துகளையே வைத்துக்கொண்டு, உங்கள் கற்பனையைப் படத்தில் காட்டுங்கள் என்பேன்.

நிறம்: இஸ்பேட்டையும் கிளாவரையும் குழப்பி, ஐந்தும் ஒரே சின்னமான ஃப்ளஷ் என்று நினைத்துப் பணம் கட்டுவது புதியவர்களிடம் சாதாரணம். டைமண்டுக்கு நீலம், கிளாவருக்குப் பச்சை என்று நான்கு நிறக் கட்டு செய்தால் அது பெருமளவு தீரும். மஞ்சள் விளக்கில் அடர்நீலமும் அடர்பச்சையும் கறுப்பாகவே தெரியும் என்பதால் வெளிறிய சாயலாகப் பாருங்கள்.

பின்புறத்தில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. 2012இல் லண்டனின் கிராக்ஃபோர்ட்ஸ் சூதாட்ட விடுதியில் போக்கர் நட்சத்திரம் ஃபில் ஐவி, புன்டோ பான்கோ என்ற பக்காரா வகைச் சீட்டாட்டத்தில் 77 லட்சம் பவுண்டு ஜெயித்தார். அங்கிருந்த சீட்டுகளின் பின்புறக் கோலம் விளிம்புவரை ஓடியது. அதனால் ஒரு நீள விளிம்பும் எதிர் விளிம்பும் மிக நுட்பமாக வேறுபட்டன. உடன் ஆடிய செயுங் யின் சுன், ராசிக்காக என்று சொல்லிக் குறிப்பிட்ட சீட்டுகளை மட்டும் திருப்பிவைக்கச் செய்தார். கலைத்தது இயந்திரம், அது சீட்டுகளின் திசையை மாற்றுவதில்லை. பிறகு விளிம்பைப் பார்த்தே பெரிய சீட்டு எதுவென்று தெரிந்தது. விடுதி பணம் தர மறுத்தது. 2017இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் அது ஏமாற்று என்றே தீர்ப்பளித்தது.

ஆகவே பின்புறத்தை 180 பாகை திருப்பினாலும் ஒரு புள்ளிகூட மாறக்கூடாது. பாதியை வரைந்து, அதையே சுழற்றி மறுபாதியாக வையுங்கள். பெயரோ முத்திரையோ போட்டால் இரு பக்கமும் போடுங்கள். சுற்றிலும் நல்ல அகலத்தில் வெள்ளை ஓரம் விடுங்கள். வெட்டு அரை மி.மீ. நகர்ந்தாலும் அவ்வளவாகத் தெரியாது. ஓரம்வரை கறுப்பு பூசிய கட்டு கடையில் பார்க்க அழகுதான். நாலு ஆட்டம் ஆடினால் விளிம்பு உரிந்து வெள்ளை தெரியும், ஒவ்வொரு சீட்டிலும் ஒவ்வோர் இடத்தில். அடுத்த வாரமே இஸ்பேட் ஏஸ் எது என்று எல்லோருக்கும் தெரியும்.

பொருளைப் பொறுத்தவரை, அடிக்கடி ஆடுவீர்களானால் முழு பிளாஸ்டிக். துடைக்கலாம், வியர்வைக்கு ஊறாது. காகிதம் என்றால் நடு அடுக்கில் கறுப்போ நீலமோ உள்ள அட்டை கேளுங்கள், வெளிச்சம் ஊடுருவாது. ஓமாஹா என்ற போக்கர் வகையில் நான்கு சீட்டு பிடிக்க வேண்டும் என்பதால் 57 மி.மீ. அகலமுள்ள பிரிட்ஜ் அளவு கைக்கு வசதி.

போக்கருக்கு ஜோக்கர் தேவையில்லை. அந்த இரண்டு இடத்தில் ஒன்றில், எந்தச் சீட்டுச் சேர்க்கை எதை வெல்லும் என்ற வரிசையை அச்சடியுங்கள். புதியவர்கள் நன்றி சொல்வார்கள். கட்டின் அடிச்சீட்டு தெரியாமல் மறைக்க வைக்கும் வெற்றுச் சீட்டாக இன்னொன்றை ஆக்கலாம். சிவப்புப் பின்புறத்தில் ஒன்று, நீலத்தில் ஒன்று என இரண்டு கட்டாக வாங்கினால், ஒன்றில் ஆட்டம் நடக்கும்போதே மற்றதைக் கலைத்துவைக்கலாம். உபரிக் கட்டுகளையும் அதே அச்சில் சேர்த்து எடுத்துவிடுங்கள். ஒரு சீட்டு கெட்டுப்போய் ஆறு மாதம் கழித்து மறுஅச்சு போட்டால் நிறம் துல்லியமாக ஒத்துவராது, அந்த ஒன்று மட்டும் தனியாகத் தெரியும்.