பேக் செய்த எண் ஏன் மாறி வருகிறது? கேள்வி பதில்

கேள்வி: பைத்தான் மொழியின் ஸ்ட்ரக்ட் மாட்யூலில் 1000-ஐ இரண்டு பைட்டாக பேக் செய்து (அதாவது பைட்டுகளாக மாற்றி அடுக்கி) அனுப்பினேன். எதிர்முனையில் 59395 என்று வருகிறது. ஏன்?

எண் கெடவில்லை, பைட்டுகளின் வரிசைதான் மாறியிருக்கிறது. 1000 என்பது 3 × 256 + 232. லிட்டில் எண்டியன் என்ற வரிசையில் 232 முதலில் போகும், பிக் எண்டியன் என்ற வரிசையில் 3 முதலில் போகும். நீங்கள் லிட்டிலில் அனுப்பியதை எதிர்முனை பிக் என்று எடுத்துக்கொண்டு 232 × 256 + 3 என்று கணக்குப் போட்டிருக்கிறது. எந்த வகை மதிப்பை எத்தனை பைட்டாக பேக் செய்வது என்று சொல்லும் ஃபார்மட்டின் தொடக்கத்தில் < போட்டால் லிட்டில், > அல்லது ! போட்டால் பிக். எதுவுமே போடாவிட்டால் உங்கள் கணினியின் வழக்கப்படி நடக்கும். தயவுசெய்து அந்தக் குறி இல்லாமல் ஃபார்மட் எழுதவே எழுதாதீர்கள்.

கேள்வி: ஒரு பைட் எண்ணும் அடுத்து நாலு பைட் எண்ணும் பேக் செய்தால் 5 பைட்தானே வர வேண்டும்? 8 வருகிறதே?

இதற்கும் அந்தக் குறி இல்லாததுதான் காரணம். நாலு பைட் எண் நாலின் மடங்கான இடத்தில் தொடங்கட்டும் என்று நடுவில் 3 வெற்று பைட்டுகள் சேர்ந்துவிட்டன. < போடுங்கள், 5 வரும்.

கேள்வி: பிஎச்பி மொழியில் 300-ஐ ஒரு பைட்டாக பேக் செய்தேன். பிழை எதுவும் இல்லை, திரும்ப எடுத்தால் 44.

ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் அடங்கும். மிச்சம் 300 − 256 = 44. பைத்தான் இதே இடத்தில் பிழை காட்டி நின்றுவிடும். எனக்கு அதுதான் பிடிக்கும், ஏனென்றால் சத்தமில்லாமல் மாறிய எண்ணைப் பிறகு தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. பிஎச்பியில் பேக் செய்வதற்கு முன் எல்லையை நீங்களே சோதித்துவிடுங்கள்.

கேள்வி: "அம்மா" என்ற சொல்லை 10 பைட் புலத்தில் (அதற்கென ஒதுக்கிய இடத்தில்) வைத்தேன். படிக்கும்போது டீகோட் பிழை, அதாவது பைட்டுகளைத் திரும்ப எழுத்தாக்கும்போது பிழை வருகிறது.

எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். "அம்மா"வில் அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறியீடுகள், ஆக 15 பைட். 10-க்கு மேல் இருந்ததை பேக் சொல்லாமலே வெட்டிவிட்டது. "அம்" வரை 9 பைட் முழுசாக இருக்கிறது. பத்தாவது பைட், அடுத்த ம-வின் முதல் துண்டு. டீகோட் அங்கேதான் தடுக்கி விழுகிறது. புலத்தைப் பெரிதாக்கினால் அதைவிட நீளமான சொல் வரும்வரைதான் தாங்கும். முதலில் பைட் நீளத்தை இரண்டு பைட் எண்ணாக எழுதி, அப்புறம் அத்தனை பைட்டுகளையும் எழுதுங்கள். படிக்கும்போதும் அதே வரிசை. நீளத்தை எழுத்துக் கணக்கில் எடுக்காமல், என்கோட் செய்த பிறகு, அதாவது பைட்டாக மாற்றிய பிறகு எடுங்கள்.

கேள்வி: 0.1-ஐ பேக் செய்து எடுத்தால் 0.10000000149011612?

தசம எண்களுக்கான நாலு பைட் ஃப்ளோட் வகையில் வைத்திருக்கிறீர்கள், அதில் துல்லியம் குறைவு. எட்டு பைட் டபுள் வகைக்கு மாற்றுங்கள், பைத்தானில் வைத்த மதிப்பு அப்படியே திரும்பி வரும்.