பத்து வருட வாரண்டி எந்தப் பாகத்துக்கு? பினாங்கு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

வீட்டு மின்சாதனங்களை விற்றும் பழுதுபார்த்தும் மலேசியாவின் பினாங்கில் பிழைத்தவன் நான். கடையை மூடிவிட்டேன், கேள்விகள் மட்டும் நிற்கவில்லை. இந்த முறை வந்தவற்றில் பாதி ஒரே கேள்விதான், பொருளின் பெயர் மட்டும் மாறுகிறது. அதற்கு நீளமாகவே பதில் சொல்லியிருக்கிறேன். மற்றவை வந்த வரிசையில்.

பாயான் பாரு: அண்ணே, எங்கள் சலவை இயந்திரத்தின் முன்பக்கம் ‘10 ஆண்டு வாரண்டி’ என்று பெரிதாக ஒட்டியிருந்தது. வாங்கிப் பதினாலு மாதம்தான். பாதியில் நின்றுவிட்டது, தண்ணீர் இறங்கவில்லை, கதவும் திறக்கவில்லை. பார்க்க வந்தவர் மின்னணுப் போர்டு போய்விட்டது, 480 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்கிறார். அந்தப் பத்து வருடம் எங்கே போனது?

அது மோட்டாருக்கு, தங்கச்சி. ஸ்டிக்கரில் ஓரமாகப் பொடி எழுத்தில் ‘மோட்டாருக்கு மட்டும்’ என்று இருக்கும், இப்போது போய்ப் பாருங்கள். இன்வெர்ட்டர் மோட்டாரில் கார்பன் பிரஷ் கிடையாது, தேய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. லேசில் கெடாத பாகத்துக்குப் பத்து வருடம் வாக்குக் கொடுப்பதில் கம்பெனிக்கு என்ன நஷ்டம்? கெடுவது போர்டு, தண்ணீர் வால்வு, வடிகால் பம்பு, கதவுப் பூட்டு. இவற்றுக்கு ஒரு வருடம், தாராளமான கம்பெனி என்றால் இரண்டு.

ஆனால் போர்டுதான் என்று உடனே நம்பிவிட வேண்டாம். தண்ணீர் இறங்காமல் கதவு பூட்டிக்கொண்டால் நான் முதலில் சந்தேகப்படுவது வடிகால் பம்பைத்தான். உங்களுடையது முன்பக்கம் கதவு உள்ள வகையாக இருந்தால், கீழே வலது மூலையில் சின்ன மூடி இருக்கும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஒரு தட்டு வைத்து, உள்ளே இருக்கும் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள். நாற்றமடிக்கும் தண்ணீரோடு இருபது காசு, ஹேர்பின், பிள்ளையின் ஒற்றைக் காலுறை என்று வரும். தண்ணீர் உள்ளே இருக்கும்வரை கதவு திறக்காது, அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். அங்கே ஒன்றும் சிக்கவில்லை, பம்பும் சுற்றுகிறது என்றால் அப்புறம் போர்டைப் பற்றிப் பேசலாம்.

சரி, போர்டேதான் என்று வைத்துக்கொள்வோம். வாரண்டி கார்டு கம்பெனி தானாகக் கொடுக்கும் வாக்கு. அதற்கு வெளியே சட்டம் கொடுக்கும் உத்தரவாதம் ஒன்று தனியாக இருக்கிறது, பலருக்கு இது தெரிவதில்லை. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். நீடித்து உழைப்பதும் அந்தத் தரத்தில் சேர்த்தி. விலையையும் பொருளின் தன்மையையும் பார்த்து, விவரமான ஒரு வாடிக்கையாளர் இது இவ்வளவு காலம் ஓடும் என்று நியாயமாக எதிர்பார்ப்பாரே, அதுதான் அளவுகோல். கார்டில் போட்ட ஒரு வருடம் முடிந்ததும் இந்தப் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. ‘எங்களுக்குப் பொறுப்பில்லை’ என்று ரசீதில் அச்சடித்துக் கையெழுத்து வாங்கியிருந்தாலும் சட்டத்தின் உத்தரவாதத்தை அது அழிக்காது.

ஆகவே கடைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வாங்கிய தேதி, விலை, என்ன கெட்டது, பார்க்க வந்தவர் எழுதிக் கொடுத்த காரணம், உங்களுக்கு என்ன வேண்டும் (இலவசப் பழுதுபார்ப்பு, மாற்றுப் பொருள், பணம், இவற்றில் ஒன்று), எந்தத் தேதிக்குள் வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கோபத்தை அதில் கொட்ட வேண்டாம். பதில் வராவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. முன்பு 25,000 வெள்ளி வரைதான் கோர முடிந்தது, 2019-இல் அதை 50,000 ஆக்கினார்கள். பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். உங்களுக்கும் வக்கீல் கிடையாது, கடைக்காரருக்கும் கிடையாது, அதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். நிச்சயம் ஜெயிப்பீர்கள் என்று நான் கையடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கடிதத்தில் ‘தீர்ப்பாயம்’ என்று ஒரு வரி வந்த பிறகு ‘கூலி மட்டும் கொடுங்க, போர்டு நாங்க பார்த்துக்கிறோம்’ என்று விலை இறங்கி வருவதைக் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று பலமுறை பார்த்தவன் நான்.

அதே தங்கச்சி மறுபடியும்: பம்பைத் திறந்து பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது, சுற்றவும் செய்கிறது. கடைக்காரர் ‘நாங்க விற்கிறவங்க மட்டும்தான், கம்பெனியைக் கேளுங்க’ என்கிறார்.

காசை யார் வாங்கினார்? அவரிடமே கேளுங்கள். விற்றவருக்கும் பொறுப்பு உண்டு, தயாரித்தவருக்கும் உண்டு. கடிதத்தில் இருவர் பெயரையும் போடுங்கள், யார் செலவு என்பதை அவர்கள் பேசிக்கொள்ளட்டும்.

ஜெலுத்தோங்: கடையில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பலகை. தீபாவளிக்கு வாங்கிய மிக்சி, வீட்டுக்கு வந்ததும் சுற்றவே இல்லை. பலகையைக் காட்டி அனுப்பிவிட்டார்கள்.

பழுதான பொருளுக்கு அந்தப் பலகை செல்லாது. நிறம் பிடிக்கவில்லை, மாமியாரும் ஒன்று வாங்கிவிட்டார் என்றால் கடைக்காரர் மனசு வைத்தால்தான் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டு போய் நிற்காதீர்கள்.

குளுகோர்: ஐயா, ஏர்கோன் (ஏசி) கழுவ வருகிறவர் ஒவ்வொரு முறையும் ‘கேஸ் குறைச்சல்’ என்று சொல்லிக் கூடுதலாக 80 வெள்ளி வாங்குகிறார். வருடத்துக்கு எத்தனை தடவை கேஸ் போட வேண்டும்?

ஒரு தடவையும் வேண்டாம். ஏர்கோனில் இருக்கும் கேஸ் பெட்ரோல் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் உள்ளேயும் வெளியேயும் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒழுகலை அடைக்காமல் கேஸ் ஏற்றினால் அடுத்த மாதமும் அதே 80 வெள்ளி.

அடுத்த முறை பக்கத்தில் நில்லுங்கள். எந்த கேஸ், ஆர்32-ஆ, ஆர்410ஏ-ஆ, பழைய ஆர்22-ஆ என்று கேளுங்கள். வெளி யூனிட்டின் தகட்டில் வகையும் எடையும் எழுதியிருக்கும். அழுத்தம் அளக்கும் மீட்டரைக் காட்டச் சொல்லுங்கள். ஆர்32-இன் அழுத்தம் ஆர்22-ஐவிட நிறையவே கூட, ஒன்றின் அளவை மற்றதற்குச் சொல்லி ஏமாற்ற முடியாது. ‘குறைச்சல் என்றால் எங்கே ஒழுகுகிறது, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்போமா?’ என்று கேட்டுப் பாருங்கள். நேர்மையானவர் உடனே மூட்டுகளில் தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்ப்பார். மற்றவருக்குத் திடீரென்று வேறு வீட்டுக்குப் போக நேரமாகிவிடும்.

குளிர் குறைந்ததற்கு முக்கால்வாசி நேரம் காரணம் அழுக்குதான். முன்மூடியைத் தூக்கி வலையை எடுத்து, குழாயடியில் காட்டிக் கழுவுங்கள். இதற்கு யாரும் தேவையில்லை.

பட்டர்வொர்த்: என் ஏர்கோன் வெளி யூனிட் வாங்கி எட்டு மாதத்தில் செத்துவிட்டது. பல்லி புகுந்திருக்கிறது, அதனால் வாரண்டி இல்லையாம். பல்லி வந்ததற்கு நானா பொறுப்பு?

சிரிக்காமல் பதில் சொல்கிறேன் தம்பி, இது நம் ஊரில் தினம் நடப்பது. அந்தப் பெட்டியைத் திறந்தால் போர்டில் மின்சாரம் ஓடும் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே, அப்பளம் போல் காய்ந்து கருகி, நாலு காலையும் விரித்தபடி ஒரு பல்லி ஒட்டிக்கொண்டிருக்கும். சுற்றிலும் கரி. கதகதப்பான, பூச்சி கிடைக்கிற இடம், அதற்கு அது மாளிகை. எறும்பும் இப்படித்தான், ரிலேயின் தொடுமுனைகளுக்கு நடுவில் கூட்டமாகப் போய்ச் செத்துக் கிடக்கும்.

பல கார்டுகளில் ‘பூச்சி, விலங்குகளால் ஏற்படும் சேதம்’ விலக்கு என்றே எழுதியிருக்கிறார்கள், படித்துப் பாருங்கள். எழுதியிருந்தால் கார்டை வைத்துச் சண்டை போடுவது கஷ்டம். ஆனால் எழுதாமல் வாயால் மட்டும் சொல்கிறார்களா, செத்த பல்லியைக் காட்டினார்களா, படம் எடுத்தார்களா? எதுவும் காட்டாமல் ‘பல்லி’ என்று சொன்னால் எழுத்தில் கேளுங்கள். பொருத்திய ஆள் குழாய் நுழையும் ஓட்டையை அடைக்காமல் போயிருந்தால் அது அவர் வேலையின் குறை, அவரைக் கேட்கலாம்.

புது போர்டு போட்டதும் வயர் நுழையும் துளைகளை ஏர்கோன் கடைகளில் விற்கும் வெள்ளைப் பசையால் அடைக்கச் சொல்லுங்கள். முழு யூனிட்டையும் கொசுவலையால் சுற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். காற்றோட்டம் போய்விடும், கம்பிரசருக்குத் திண்டாட்டம். அந்துருண்டை வைத்தால் வராது என்கிறார்கள், எனக்கு நம்பிக்கை இல்லை.

நிபோங் திபால்: 10,000 என்று போட்ட பவர் பேங்க். என் கைப்பேசி பேட்டரி 5,000. இரண்டு தடவை ஏற வேண்டும் அல்லவா? ஒன்றேகால் தடவைதான் ஏறுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை, உங்களுடையது நல்ல பவர் பேங்க். அந்த 10,000 மில்லி ஆம்பியர்-ஹவர் உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் சொன்ன கணக்கு, அதாவது 37 வாட்-ஹவர். வெளியே வரும்போது அதை 5 வோல்ட்டாக ஏற்றுகிறார்கள், அப்போதே 7,400 ஆகிவிடும். மாற்றும்போது சூடாகப் போவதையும் கழித்தால் ஆறாயிரத்துச் சொச்சம் மிஞ்சும். பெட்டியின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இந்த இரண்டாவது எண்ணும் இருக்கும், வாங்கும்போது அதைப் பாருங்கள். இரவுச் சந்தையில் 15 வெள்ளிக்கு ‘50,000’ என்று கிடைப்பதைக் கையில் எடுத்துப் பாருங்கள், காற்று மாதிரி இருக்கும். செல்லுக்கு எடை உண்டு. விமானத்தில் 100 வாட்-ஹவர் வரைதான் சாதாரணமாக விடுவார்கள், அதுவும் கைப்பையில்.

ஆயர் ஈத்தாம்: அம்மாவின் பழைய கைப்பேசியில் அழைப்பு வருகிறது, இணையம் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. சிம்மை மாற்றியும் பார்த்தாயிற்று.

அது 3ஜி கைப்பேசியாக இருக்கும். மலேசியாவில் 2021 கடைசியில் 3ஜியை நிறுத்திவிட்டார்கள். அழைப்பு 2ஜியில் போகிறது. சிம்முக்கு இனிச் செலவு செய்யாதீர்கள், 4ஜி உள்ள சாதாரண செட் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

ஜார்ஜ்டவுன்: அதே மாடல் கைப்பேசி, ஏபி செட் என்றால் 300 வெள்ளி குறைவு. வாங்கலாமா அண்ணே?

தெரிந்து வாங்கினால் தப்பில்லை. வேறு நாட்டுச் சந்தைக்குச் செய்ததை இங்கே கொண்டுவந்து விற்கிறார்கள், கம்பெனியின் மலேசிய சர்வீஸ் சென்டர் வாரண்டியில் தொடாது. கடை வாரண்டிதான், கடை இருக்கும்வரை. ஒரு வருடம் பத்திரமாக வைத்துக்கொள்கிற கை என்றால் வாங்குங்கள். மாதம் ஒருமுறை படிக்கட்டில் போடுகிற கை என்றால் 300 வெள்ளியைப் பார்க்காதீர்கள். சார்ஜர் மட்டும் சிரிம் (மலேசியத் தரச்சான்று) முத்திரை உள்ள மூன்று முள் சார்ஜராக இருக்கட்டும்.

பிறை: அவசரம். அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் ‘கல்யாண அழைப்பிதழ்’ வந்தது, தொட்டதும் ஏதோ செயலி இறங்கியது. இப்போது குறுஞ்செய்தி எதுவும் அவர் கைப்பேசியில் காட்டவில்லை.

படித்துக்கொண்டிருக்காமல் செய்யுங்கள். முதலில் அந்தக் கைப்பேசியில் வைஃபை, டேட்டா இரண்டையும் அணையுங்கள், விமானப் பயன்முறையில் போடுங்கள். வேறு கைப்பேசியிலிருந்து வங்கியின் அவசர எண்ணை அழைத்து இணையக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். எண்ணை வங்கி அட்டையின் பின்பக்கம் பார்த்து எடுங்கள், கூகுளில் தேட வேண்டாம். பணம் போயிருந்தால் உடனே 997. மோசடிப் பணத்தைத் தடுக்க 2022-இல் தொடங்கிய தேசிய மையம் அது, பணம் கணக்கு கணக்காகத் தாவுவதற்குள் சொன்னால்தான் பிரயோசனம். அப்புறம் போலீஸ் புகார்.

அப்படி இறங்கிய ஏபிகே கோப்பு (செயலியை நிறுவும் கோப்பு) குறுஞ்செய்திகளைத் திருடி, வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண்ணை மோசடிக்காரனிடம் சேர்த்துவிடும். அதனால்தான் அப்பாவுக்கு எதுவும் தெரியவில்லை. புகார் கொடுத்த பிறகு கைப்பேசியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புங்கள். அப்பாவைத் திட்ட வேண்டாம், கல்யாணப் பத்திரிகை என்றால் நம் ஆட்கள் யார்தான் திறக்க மாட்டார்கள்.

புக்கிட் மெர்த்தாஜாம்: வீட்டுக்கு வந்து பேசியே தண்ணீர் வடிகட்டி ஒன்றை 2,800 வெள்ளிக்கு விற்றுவிட்டார்கள். கையெழுத்துப் போட்டு நாலு நாள் ஆகிறது. கணவர் வேண்டாம் என்கிறார்.

வீடு தேடி வந்து விற்பதற்கு 1993-ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டம் இருக்கிறது. 10 வேலை நாளுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கே எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அதுவரை பெட்டியைப் பிரிக்காதீர்கள். விற்றவர் போன் செய்து ‘நேரில் வந்து பேசுகிறேன்’ என்பார். வரவேண்டாம் என்று சொல்லுங்கள், வந்தால் இன்னொன்றும் விற்றுவிடுவார்.

பாயான் லெப்பாஸ்: வாழையிலைச் சாப்பாட்டு பில்லில் 10 விழுக்காடு ஒன்று, 6 விழுக்காடு ஒன்று. எது அரசாங்கத்துக்கு?

ஆறுதான். 2024 மார்ச்சில் சேவை வரியை 8 ஆக்கியபோதும் சாப்பாட்டுக்கு ஆறாகவே விட்டுவைத்தார்கள். பத்து விழுக்காடு கடையின் கட்டணம், வரி இல்லை. இலையில் நானே கை வைத்துச் சாப்பிட்டு நானே மடிக்கிறேன், என்ன சேவை என்று எனக்கும் புரிவதில்லை.

கெப்பாளா பத்தாஸ்: குளிர்ப்பெட்டியில் பனிக்கட்டி மலை போல் கட்டுகிறது. புதிது வாங்கச் சொல்கிறார்கள்.

ஒரு வெள்ளி நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் நாலைந்து இடத்தில் செய்யுங்கள். எங்கே வழுக்கிக்கொண்டு வருகிறதோ அங்கே ரப்பர் தளர்ந்துவிட்டது, ஈரக்காற்று உள்ளே போகிறது. ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, வளைந்த இடத்தில் ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டி நேராக்குங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போய் ரப்பரின் விலையை மட்டும் கேளுங்கள்.